காருக்கு வாடகை கொடுக்கிறீர்களா?

உங்கள் காருக்கு மாசம் எவ்வளவு வாடகை கொடுக்கிறீர்கள்? இ.எம்.ஐ.யைக் கேட்கவில்லை. பெட்ரோல், இன்ஷூரன்ஸ், டிரைவர் சம்பளம் எதையும் கேட்கவில்லை. அது நிற்கிற இடத்துக்கு என்ன வாடகை?

'சொந்தக் காருக்கு எதுக்குய்யா வாடகை?' என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று தேடுவான். ஒருத்தர் எதையாவது பெற்றுக்கொண்டால், யாரோ ஒருத்தர் அதைக் கொடுத்திருக்க வேண்டும். லெட்ஜரில் 'இலவசம்' என்று ஒரு கணக்கே கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். சதுர அடியில் ஏறக்குறைய 135. உங்கள் ஏரியாவில் 1,000 சதுர அடி ஃபிளாட் 30 ஆயிரம் ரூபாய் வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரேட்டில் காருக்கு மாசம் நாலாயிரத்துச் சொச்சம். மனை விலை சதுர அடி 10 ஆயிரம் என்றால், கார் நிற்கிற துண்டு நிலம் மட்டும் 13 லட்சத்து 50 ஆயிரம். எட்டு லட்ச ரூபாய் கார், பதின்மூன்றரை லட்ச ரூபாய்ப் பாயில் படுத்துத் தூங்குகிறது!

இந்தப் பாய்க்கான பணத்தைத் தன் பையிலிருந்து எடுத்து வைக்கிறவர்கள் ஊரில் ரொம்பக் கொஞ்சம் பேர். அதில் ஒரு ரகம், வீட்டிலேயே கார் லிஃப்ட் போட்டுக்கொள்கிறவர்கள்.

பார்த்திருப்பீர்கள். சர்வீஸ் சென்டரில் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் நின்று வேலை பார்ப்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி இது. அங்கே இரண்டு தூண்களிலிருந்து நீளும் கைகள் காரின் அடிப்பாகத்தைத் தாங்கும். சக்கரம் நாலும் அந்தரத்தில் தொங்கும். வீட்டு லிஃப்டில் சக்கரங்கள் ஒரு இரும்பு மேடைமேல் நிற்கும். பட்டனை அழுத்தினால் ஹைட்ராலிக் மோட்டார் மேடையை மேலே கொண்டுபோகும். மேலே போனதும் இரும்பு லாக் விழுந்து மேடையைப் பிடித்துக்கொள்ளும். கீழே இன்னொரு காரை விட்டுக்கொள்ளலாம். ஒரு கார் இடத்தில் இரண்டு கார். அவ்வளவுதான் சமாசாரம்.

கேட்க சுலபம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு செடான் கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்த 11 அடி உயரமாவது வேண்டும். எஸ்.யு.வி. என்றால் 13 அடியைத் தொடும். நம் பழைய ஃபிளாட்களின் ஸ்டில்ட் எட்டடி, ஒன்பதடிதான். தனி வீட்டின் முன்பக்கம் திறந்தவெளி இருந்தால் பிழைத்தீர்கள். அங்கேயும் தரை தாங்குமா என்று இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒன்றரை, இரண்டு டன் எடை முழுக்க நாலு தூண்களின் அடித்தட்டு வழியாக இறங்கும். அழகுக்காகப் போட்ட டைல்ஸ் அதைத் தாங்காது; அதுக்கடியில் உருப்படியான கான்கிரீட் வேண்டும். மேல் காரின் ஆயில் கீழ் கார்மேல் சொட்டாமலிருக்க தட்டு. குழந்தைகள் பட்டனில் கை வைக்காமலிருக்க சாவி. கரண்ட் போனால் கையால் இறக்க வழி. வருஷா வருஷம் சர்வீஸ். எல்லாம் சேர்த்தால் செலவு லட்சங்களில்தான்.

சரி, பள்ளம் தோண்டி ஒரு காரைக் கீழே இறக்கிவிடுகிற வகையும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாமையும் பார்த்த சென்னைவாசி காரைப் பள்ளத்தில் இறக்குவானா? தரையில் நின்ற காரே மிதந்தது!

எனக்குத் தெரிந்த ஒருத்தர் இத்தனையையும் விசாரித்து லிஃப்ட் போட்டார். வீட்டில் இரண்டு கார், இடம் ஒன்றுக்குத்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்களாம்: "எதுக்கு மாப்ளே இவ்ளோ செலவு? பேசாம தெருவுல விட்டுட்டுப் போ!"

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

லட்ச லட்சமாகச் செலவழித்துத் தன் காருக்குத் தன் வீட்டில் இடம் செய்துகொண்டவர் ஏமாளி. ஊர்ப் பொதுச்சொத்தில் 135 சதுர அடியை வளைத்துப்போட்டு, கவர் மாட்டி, அதன்மேல் பூனை குட்டி போடுகிற வரைக்கும் எடுக்காமல் வைத்திருக்கிறவர் சமர்த்து. இதுதான் நம் நியாயம். தெருவில் ஒரு ஏழை நாலுக்கு நாலு அடியில் இஸ்திரி வண்டி போட்டால் 'ஆக்கிரமிப்பு' என்று புகார் எழுதுகிறோம். அவர் அந்த இடத்தில் நின்று பத்து வீட்டுத் துணியைத் தேய்க்கிறார். கார் தேமே என்று நிற்கிறது. இதில் எது ஆக்கிரமிப்பு?

தெருவில் விட்டால் செலவு இல்லை என்று யார் சொன்னது? உங்களுக்கு இல்லை. கணக்கின் அடுத்த பக்கத்தைப் பாருங்கள். 20 அடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் ஆறும் ஆறும் 12 அடி போச்சு. மிச்சம் எட்டடி. ஒரு தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய எட்டடி. உங்கள் பக்கத்து வீட்டில் சிலிண்டர் வெடித்தால் வண்டி தெருமுனையில் நின்று மணியடித்துக்கொண்டிருக்கும். அந்த எட்டடியில்தான் குப்பை வண்டி, தண்ணி லாரி, ஸ்கூல் வேன், ஆட்டோ எல்லாம். அதே எட்டடியில்தான், பிளாட்ஃபாரத்தைக் கார் பிடித்துக்கொண்டதால் நடுத்தெருவில் இறங்கி, கையில் பையோடு ரேஷன் கடைக்குப் போகிறார் ஒரு பாட்டி. பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறவரும் நாம்தான். உங்கள் காருக்கு மாசா மாசம் வாடகை கட்டுவது அந்தப் பாட்டி. அவருக்குக் கார் கிடையாது.

'நான் ரோடு டாக்ஸ் கட்டுறேன் சார்!' என்று ஒரு குரல் வரும். எப்போதும் வரும். கட்டுகிறீர்கள், மறுக்கவில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரியை உயர்த்திய பிறகு 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 18 சதவிகிதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவிகிதம் என்று ஆனது. சின்னத் தொகை இல்லைதான். ஆனால், அந்த வரி வண்டி ஓடுவதற்கு. நிற்பதற்கு இல்லை. பணம் போவது மாநில அரசின் கஜானாவுக்கு. உங்கள் தெரு இருப்பது மாநகராட்சியின் கையில். ரயில் டிக்கெட் வாங்கியவர் பிளாட்ஃபாரத்தில் குடித்தனம் நடத்த முடியுமா? சீட்டு பயணத்துக்குத்தான்.

நம் தெருக்களில் லிஃப்ட் அதிகம் முளைக்காததற்கும், ஜப்பானில் வீட்டுக்கு வீடு, அபார்ட்மென்ட்டுக்கு அபார்ட்மென்ட் அடுக்கு பார்க்கிங் சாதாரணமாக இருப்பதற்கும் காரணம் தொழில்நுட்பம் என்று நினைத்தீர்களானால் தப்பு. அங்கே 1962-லேயே ஒரு சட்டம் வந்தது. கார் வாங்க வேண்டுமா? அதை நிறுத்த வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இடம் இருக்கிறது என்று போலீஸ் ஸ்டேஷனில் சான்றிதழ் வாங்கி வா. ரொம்பச் சின்ன கார்களுக்குச் சில ஊர்களில் சலுகை உண்டு. தெருவில் ஒரே இடத்தில் தொடர்ந்து 12 மணி நேரமோ, ராத்திரியில் 8 மணி நேரமோ விட்டால் குற்றம். அப்புறம் என்ன, தெரு கிடையாது என்றான பிறகு மனிதனின் மூளை மேலே பார்த்தது. லிஃப்ட் வந்தது. நம் ஊரில் தெரு சும்மா கிடைக்கும்போது எவன் மேலே பார்ப்பான்?

அமெரிக்காவில் டொனால்ட் ஷூப் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 2025-ல் காலமானார். இலவச பார்க்கிங்குக்குச் சமூகம் கொடுக்கிற விலை எவ்வளவு என்று 2005-லேயே தடிமனாக ஒரு புத்தகம் எழுதினார். அவர் அடிக்கடி சொன்ன விஷயம், ஒரு கார் தன் வாழ்நாளில் சுமார் 95 சதவிகித நேரம் சும்மாதான் நிற்கிறது என்பது. யோசித்துப் பாருங்கள். நாம் வாங்குவது ஓடுகிற வண்டி என்று நினைக்கிறோம். உண்மையில் வாங்குவது நிற்கிற வண்டி.

நம் அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையில், பார்க்கிங் கட்டணம் அந்த நிலத்தின் உண்மையான மதிப்பைக் காட்டுவதாக இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். 2016 டிசம்பரில் அப்போதைய மத்திய அமைச்சர் வெங்கையா நாயுடு, நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்டினால்தான் கார் பதிவு என்று பேசினார். 2025-ல் சென்னையின் பார்க்கிங் கொள்கை பற்றிய பேச்சிலும் அதே யோசனை தலைகாட்டியது. எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். கை வைக்க மட்டும் பயம். கார் வைத்திருக்கிறவன் கத்துவான். பாட்டி கத்த மாட்டார்.

லிஃப்ட் என்றதும் எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்லவில்லை. ஃபிளாட் விற்கிற சில பில்டர்கள் இதை வைத்து வேறு ஆட்டம் ஆடுகிறார்கள். பேப்பரில் 'கவர்டு கார் பார்க்கிங்' என்று காட்டிக் காசு வாங்கிவிடுகிறார்கள். சாவி வாங்கப் போகும்போதுதான், உங்கள் இடம் தரையில் இல்லை, லிஃப்டின் மேல் தட்டில் என்று தெரியும். சாதாரண இரண்டடுக்கு லிஃப்டில் கீழே நிற்கிற காரை எடுத்தால்தான் மேல் கார் இறங்கும். ஒரே குடும்பத்தின் இரண்டு கார் என்றால் பரவாயில்லை. கீழ் கார் வேறொருத்தருடையது, அவர் சாவியோடு திருப்பதி போயிருக்கிறார், உங்களுக்கு விடிகாலை ஃபிளைட் என்றால்? வாங்குவதற்கு முன் 'மேலா, கீழா, கூட்டாளி யார்?' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மும்பை வழக்கு ஒன்றில் 2010 ஆகஸ்ட் 31-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அந்த மாநிலத்து ஃபிளாட் சட்டத்தின்படி, ஸ்டில்ட் பார்க்கிங் எல்லாருக்குமான பொது இடம். அதைத் தனிச்சொத்தாக பில்டர் விற்க முடியாது என்றது. 2016-ல் வந்த ரெரா சட்டமும் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொது இடங்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பொது இடத்தைத் தனி ஆள் விற்கக் கூடாது என்பது பில்டருக்கு நாம் காட்டுகிற சட்டம். பொதுத் தெருவைத் தனி ஆள் வளைக்கக் கூடாது என்பது மட்டும் நமக்கு உறைக்காது.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஊரிலேயே பெரிய கார் லிஃப்ட்! அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் பொருளைக் காப்பாற்ற மேட்டைத் தேடுவது யாரும் செய்வதுதான். ஆனால், மழை விட்டதும் பாலத்திலிருந்து இறங்கிய கார்களில் எத்தனை வீட்டுக்குள் போயின, எத்தனை மறுபடி தெருவோரம் ஒதுங்கின? நாலு நாள் அவசரத்துக்குப் பொது இடத்தைக் கேட்பது வேறு. 365 நாளும் அவசரம் என்பது வேறு.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், மூன்றே விஷயம். புதுக் கார் பதிவுக்கு நிறுத்துமிடச் சான்று கட்டாயம். பழைய கார், இடமில்லாத பழைய வீடு என்றால், தெருவில் நிறுத்த மாசக் கட்டணம். லண்டனின் பல பகுதிகளில் குடியிருப்பவர்களே பணம் கட்டி பெர்மிட் வாங்கித்தான் தெருவில் விடுகிறார்கள். கால் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்குக் கட்டணத்தைக் குறையுங்கள், தப்பில்லை. வசூலிக்கிற பணத்தை அதே தெருவின் பிளாட்ஃபாரத்துக்கே செலவழித்துக் கணக்கை போர்டில் எழுதி வையுங்கள். கசப்பு மருந்துதான். கட்டணம் என்று வந்துவிட்டால் ஒரே மாசத்தில் எத்தனை போர்ட்டிகோவிலிருந்து பழைய பீரோவும் உடைந்த சைக்கிளும் வெளியேறி, கார் உள்ளே போகிறது என்று பாருங்கள்.

அடுத்த கார் புக் பண்ணப் போகிறீர்களா? ஷோரூமில் மைலேஜ் கேட்பீர்கள், ஏர்பேக் கேட்பீர்கள், கலர் கேட்பீர்கள். அதுக்கு முன்னால் வீட்டில் டேப்பை எடுத்து அளந்துவிட்டுக் கிளம்புங்கள். 135 சதுர அடி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையா, லிஃப்ட் போடுங்கள். அதுக்கும் வழியில்லையா, பக்கத்தில் எங்காவது இடம் பிடித்து மாச வாடகை கொடுங்கள். மூன்றும் முடியாது என்றால் காரை ஷோரூமிலேயே விட்டுவிடுங்கள். அங்கே அதற்கு நிற்க இடம் இருக்கிறது. உங்கள் தெருவில் பாட்டிக்கு நடக்க இடம் இல்லை.