விசாரணை கேட்பது குற்றமா?

உரிமை என்பது யாது? சட்ட நூலில் அச்சேறிவிட்டதனால் மட்டும் ஒன்று உரிமையாகிவிடாது. எளியவன் ஒருவன் அஞ்சாது சென்று அதனைக் கேட்கவும், கேட்ட குற்றத்திற்காகத் தண்டிக்கப்படாமல் மீளவும் முடியுமாயின், அதுவே உரிமை. இந்த அளவுகோலைக் கொண்டு குற்ற வழக்குகளை அளந்து பார்த்தால், உலகெங்கும் போற்றிப் பேசப்படும் ஜூரி விசாரணை உரிமை எவ்வளவு நலிந்து கிடக்கிறது என்பது விளங்கும்.

ஜூரி முறை நமக்கு அறிமுகமில்லாத ஒன்றன்று. ஆங்கிலேயர் ஆட்சியோடு அது மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. பொதுமக்களுள் எழுவர் அமர்ந்து, சாட்சியங்களைக் கேட்டு, ஒருவன் குற்றவாளியா அல்லனா என்று உரைத்தனர். சிங்கப்பூர் 1969ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி அம்முறையை முற்றாக நீக்கியது. வழக்கறிஞராயிருந்த காலத்திலேயே ஜூரிகளின்மீது நம்பிக்கை இழந்திருந்த பிரதமர் லீ குவான் இயூ நீக்கத்தை வலியுறுத்தினார். புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் அதனைக் கடுமையாக எதிர்த்தார். மலேசியாவும் 1995இல் ஜூரிக்கு விடை கொடுத்தது. அம்முடிவுகள் சரியா, தவறா என்பது வேறு வழக்கு. எனினும் ஒன்று சொல்லலாம்: கதவை அடைத்தவர்கள் ஊரறிய அடைத்தார்கள்.

அமெரிக்காவிலோ கதவு திறந்தே இருக்கிறது. 1791இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஜூரி விசாரணையை உறுதி செய்கிறது. ஆயினும் 2022ஆம் நிதியாண்டில் அந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டோருள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். விசாரணைக்குச் சென்றவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. கதவு திறந்திருந்தும் உள்ளே செல்வார் இல்லையே, ஏன்? வாயிலில் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறார்கள்!

அக்குழியின் ஆழத்தை அறிய ஒரு வழக்கே போதும். கென்டக்கி மாநிலத்தில் ஹேய்ஸ் என்பவர், 88 டாலர் 30 காசுக்கான கள்ளக் காசோலையை மாற்றியதாக 1973இல் குற்றம் சாட்டப்பட்டார். அதற்குரிய தண்டனை 2 முதல் 10 ஆண்டுச் சிறை. அரசு வழக்கறிஞர் ஒரு பேரம் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்திற்கு விசாரணைத் தொல்லை வைக்காமல் இருந்தால் 5 ஆண்டுச் சிறைக்குப் பரிந்துரைப்பாராம். மறுத்தால், பழங்குற்றவாளிகளுக்கான சட்டத்தின்கீழ்ப் புதிய குற்றச்சாட்டைக் கொண்டுவருவாராம். ஹேய்ஸுக்கு முன்பே இரண்டு குற்றத் தீர்ப்புகள் இருந்தமையால், அச்சட்டப்படி கிடைப்பது ஆயுள் தண்டனை. ஹேய்ஸ் ஜூரியை நாடினார். ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை விழுந்தது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அரசு வழக்கறிஞர் செய்தது முறையே என்று தீர்ப்பளித்தது.

“அவர் குற்றவாளிதானே, அவருக்காக ஏன் இரங்க வேண்டும்?” என்று கேட்பர் சிலர். இரங்க வேண்டா, கணக்குப் பார்த்தால் போதும். காசோலைக் குற்றத்திற்கு, பழைய குற்றங்களையும் அறிந்த நிலையில், 5 ஆண்டு போதும் என்று கருதியவர் அரசு வழக்கறிஞரே. அப்படியானால் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட அந்த வாழ்நாள் முழுவதும் எக்குற்றத்திற்காக? விசாரணை வேண்டும் என்று வாய்திறந்து கேட்ட குற்றத்திற்காக அன்றோ!

இனி மறுபுறம் நோக்குவோம். வட கரோலினாவில் ஆல்ஃபர்ட் என்பவர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. “நான் கொலை செய்யவில்லை; மரண தண்டனைக்கு அஞ்சியே ஒப்புக்கொள்கிறேன்” என்ற பொருள்பட நீதிமன்றத்திலேயே அவர் கூறினார். அந்த ஒப்புதலை ஏற்று 30 ஆண்டுச் சிறை விதித்தனர். அதுவும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970இல் உரைத்தது. கேட்டவனுக்கு ஆயுள் தண்டனை. அஞ்சியவனுக்கு, மறுத்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் அவலம். இதற்குப் பெயர் விருப்பத் தேர்வா?

“எல்லாரும் விசாரணை கேட்டால் நீதிமன்றம் தாங்குமா? காலமும் பணமும் வீணாகுமே” என்பது பேரத்தை ஆதரிப்போரின் பெரிய வாதம். மக்கள் தம் உரிமையைப் பயன்படுத்தாத வரையில்தான் நிற்கும் நீதிமன்றம், எப்படிப்பட்ட நீதிமன்றம்? காலத்தை மிச்சப்படுத்துவதே நீதியானால், கோவலன் வழக்கில் பாண்டியனைவிட விரைந்து நீதி செய்தவர் யார்? தேராது தீர்த்த அந்த விரைவின் விலையை மதுரை செலுத்திய கதையை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

“மனம் வருந்துவோனுக்குச் சலுகை தருவது அறமன்றோ?” என்பது மற்றொரு வாதம். அறமே, மறுக்கவில்லை. உண்மையாகவே குற்றம் செய்தவன் அதனை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவரைச் சாட்சிக்கூண்டின் துன்பத்தினின்று காப்பானாயின், தண்டனையில் ஓரளவு குறைக்கலாம். ஆனால் அந்த அளவு முன்னரே வரையறுக்கப்பட்டு, யாவருக்கும் தெரிந்ததாக இருத்தல் வேண்டும். 5 ஆண்டுக்கும் ஆயுளுக்கும் உள்ள இடைவெளி, மனவருத்தத்தின் அளவாகுமா? அது அச்சத்தின் அளவு.

இது அமெரிக்காவின் தொல்லை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஜூரி இங்கு இல்லை; விசாரணையா, ஒப்புதலா என்னும் கேள்வி இங்கும் உண்டு. மலேசியா 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே ஒப்புதல் பேரத்திற்குச் சட்டத்தில் இடம் அளித்தது. சிங்கப்பூரில் 2023 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள வழிகாட்டி நெறிகளின்படி, தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனையில் 30 விழுக்காடு வரை குறைக்கப்படலாம். அளவு வெளிப்படையாக இருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும், குறையும் தண்டனையைக் கண்டு குற்றமற்றவனும் தலையசைத்துவிடக் கூடுமே! சட்டமொழி புரியாதவன், பிணைப்பணம் கட்ட இயலாதவன், வேலை போய்விடுமே என்று நடுங்குபவன்: இவர்களே முதலில் தலையசைப்பவர்கள்.

ஆகவே நாம் கோர வேண்டியவை மூன்று. சலுகையின் எல்லை சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். விசாரணை கேட்டான் என்பதற்காகப் புதிய, கடுமையான குற்றச்சாட்டைக் கொண்டுவரும் மிரட்டல் தடுக்கப்பட வேண்டும். அரசுத் தரப்பின் சான்றுகளைப் பார்க்காமலும், வழக்கறிஞரின் அறிவுரையைப் பெறாமலும் எவரும் ஒப்புதல் தரும் நிலைக்குத் தள்ளப்படக் கூடாது.

தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. “ஒப்புக்கொள்கிறேன்” என்னும் சொல்லின் எடையை மாணவனுக்கு உணர்த்துவதும் மொழிப்பாடமே. குற்றம் செய்தவன் அதனை நேர்மையாகச் சொல்லட்டும். செய்யாதவன் “விசாரியுங்கள்” என்று நிமிர்ந்து கேட்கட்டும். அப்படிக் கேட்பவனைத் தண்டிக்கும் அரசு, தான் விசாரிக்கப்படுவதற்கு அஞ்சுகிறது என்றே பொருள்.