‘எங்கட ஆக்கள் எதையும் ஓட்டுவினம்’ என்ற பெருமை போதும்

யாழ்ப்பாணத்துப் பழைய வாகனங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பெருமைக்கதை வரும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின, ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சப் பெற்றோல். உண்மைதான். அந்த மெக்கானிக்மாரின்ர கைவேலையை நானும் மதிக்கிறன். ஆனால் அது நாங்கள் விரும்பி எடுத்த வாழ்க்கை இல்லை, எங்கள்மேல் போட்ட தண்டனை. அந்தத் தண்டனைக்காலத் திறமையை இண்டைக்கும் தீவகத்து ஆக்களிடம் எதிர்பார்த்துவிட்டு, கைதட்டுவதோடு முடித்துக்கொள்வதுதான் எனக்குப் பிரச்சினை.

ஒரு வோட்டர் பம்பை எடுத்துப் பார்ப்பம். கிணத்துப் பம்ப் இல்லை. பழைய டொல்பின் வானின்ர எஞ்சினுக்குள்ள தண்ணியைச் சுத்த விடுகிற பம்ப். அதின்ர சீல் போனால் அடியில் இருக்கிற சின்ன ஓட்டையால் தண்ணி சொட்டும். கவனிக்காமல் ஓடினால் எஞ்சின் சூடேறி, ஹெட் வெடிக்கும். மாத்துகிற வேலை பெரிய வித்தை இல்லை. தண்ணியை இறக்கி, பெல்ற்றையும் ஃபானையும் கழட்டி, பம்பை எடுத்து, பழைய கஸ்கெற்றைச் சுரண்டி, புதுசைப் பூட்டினால் சரி. துருப்பிடித்த போல்ற் உடையாமல் வந்தால் அரைநாள் வேலை.

ஆனால் ஏன் அது திரும்பத் திரும்பப் போகுது? வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் பல கிணறுகளில் சவர்த்தண்ணி. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள, கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிற நன்னீர்தான் தீவுகளுக்கு இருக்கிறது. இறைக்க இறைக்கக் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். அந்தத் தண்ணி ரேடியேற்றருக்குள்ள போனால் உப்பு உலோகத்தை அரிக்கும், சுண்ணாம்பு சூடான இடங்களில் படியும். பம்பை மட்டும் மாத்திவிட்டு அதே தண்ணியை ஊத்தினால், புதுப் பம்புக்கும் அதே கதிதான்.

‘கூலண்ட் ஊத்த வேண்டியதுதானே, டிரைவர்மாரின்ர கவலையீனம்’ என்று சொல்லுவினம். குடிக்கிற தண்ணிக்கே பவுசரைப் பாத்துக்கொண்டு நிக்கிற ஊரில், வழியில் கொதிச்சு நிக்கிற வானுக்கு ஒருவர் எந்தத் தண்ணியை ஊத்துவார்? பக்கத்துக் கிணத்துத் தண்ணியைத்தான். கூலண்ட் வேணும் என்பது சரி. மழைத்தண்ணியைச் சேத்து வைத்தாலும் நல்லது. ஆனால் நன்னீர் கொண்டுவர வேண்டிய அரசாங்கத்தை விட்டுவிட்டு டிரைவரை மட்டும் குற்றம் சொல்லுறது நியாயமில்லை.

வானை மாத்தலாமே என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வானின்ர விலையே எட்டாத உயரத்துக்குப் போனது. இப்போது இறக்குமதி திறந்திருந்தாலும் வரியோடு வருகிற விலையைத் தீவில் ஹயர் ஓடுகிற ஒருவர் நினைத்தும் பார்க்க ஏலாது. நெடுந்தீவென்றால் பம்பும் குறிகாட்டுவானில் படகேற வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

இதே பழைய வான்களுக்குள்ள கட்டில் போட்டு, கேம்பர் என்று சொல்லி உல்லாசப் பயணிகள் ஓடித் திரிகினம். ஓடட்டும். அவையின்ர வான் வழியில் நிண்டால் ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைக்கும். புங்குடுதீவில் ஒரு வான் நிண்டால் ஒரு பிள்ளைக்கு வகுப்பு போகும், ஒரு கர்ப்பிணிக்குக் கிளினிக் போகும்.

அதனால் பாராட்டை நிப்பாட்டுங்கோ. தீவகத்துக்கு நேரத்துக்கு ஓடுகிற பஸ் வேணும். குழாயில் நன்னீர் வேணும். நெடுந்தீவிலும் ஒழுங்கான கராஜும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் வேணும். இதைக் கேட்காமல் ‘எங்கட ஆக்கள் சமாளிப்பினம்’ என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தால், அரசாங்கத்துக்கு அதைவிட வசதியான பதில் வேறொண்டும் இல்லை.