ரத்தப் புற்றுநோய்: மாத்திரையை நிறுத்த முடியுமா? மீண்டும் பேசப்படும் 'இன்டர்ஃபெரான்'

ரத்தப் புற்றுநோய்களில் ஒரு வகை சிஎம்எல். இமாடினிப் மாத்திரை வந்த பிறகு, இந்நோய் உள்ள பலர் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் தினமும் மாத்திரை, அதுவும் வருஷக்கணக்கில். நிறுத்தினால் நோய் திரும்புமா? இந்தக் கேள்விதான் பழைய மருந்தான இன்டர்ஃபெரானை மறுபடியும் பேச வைத்திருக்கிறது.

இன்டர்ஃபெரான் என்றால் என்ன?

வைரஸ் தாக்கும்போது நம் செல்கள் வெளியிடும் எச்சரிக்கைப் புரதம். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் இருவரும் கண்டறிந்தனர். 1986-ல் 'ஹேரி செல்' எனும் அரிய ரத்தப் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதித்தது. சிஎம்எல்-லுக்கும் ஊசியாகப் போடப்பட்டது.

எப்படி வேலை செய்கிறது?

புற்றுச் செல்கள் பெருகுவதை நேரடியாகக் குறைக்கும். இன்னொரு வேலை, எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடுவது.

ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை வெளியே காட்டும். இன்டர்ஃபெரான் இதை அதிகமாக்கும். அதனால் ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லை 'டி செல்கள்' அடையாளம் காண்பது எளிதாகிறது. முன்பயிற்சி இல்லாமலே எதிரியைக் கொல்லும் 'என்கே செல்'களின் வேகமும் கூடுகிறது.

பிறகு ஏன் ஓரங்கட்டப்பட்டது?

காய்ச்சல், குளிர் நடுக்கம், கடும் சோர்வு, மனச்சோர்வு என பக்கவிளைவுகள் அதிகம். 2003-ல் வெளியான 'ஐரிஸ்' ஆய்வில், 18 மாதங்களில் எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய்க்கான குரோமோசோம் தென்படாத நிலையை இமாடினிப் எடுத்தவர்களில் 76% பேர் எட்டினர். இன்டர்ஃபெரானுடன் சைட்டரபின் சேர்த்துப் பெற்றவர்களில் 14.5% பேர்தான். போட்டி அங்கேயே முடிந்தது.

இப்போது ஏன் பேச்சு?

இமாடினிப் புற்றுச் செல்லை இயக்கும் என்சைமைத் தடுக்கும். ஆனால் மஜ்ஜையில் உறங்கும் மூலச் செல்களை முழுசா அழிக்காது. 2010-ல் வெளியான பிரான்ஸ் ஆய்வில், 2 ஆண்டுகளுக்கு மேல் நோயின் தடயமே இல்லாதவர்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். ஓராண்டில் 10-ல் 6 பேருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் முதல் 6 மாதங்களுக்குள். மீதி 4 பேருக்குத் திரும்பவில்லை.

என்ன வித்தியாசம்? என்கே செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. அப்போ, அந்தச் செல்களைத் தூண்டும் இன்டர்ஃபெரானை மாத்திரையோடு சேர்த்தால்? சில ஆய்வுகளில் நோயின் தடயம் வேகமாகக் குறைந்தது. ஆனால் ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. சிலவற்றில் வித்தியாசமே இல்லை.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது

தாங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. பல ஆண்டு சிகிச்சை, தொடர்ந்து தடயமற்ற பிசிஆர் முடிவு, நிறுத்திய பிறகும் அடிக்கடி பரிசோதனை என எல்லாம் சரியாக அமைந்தால்தான் மருத்துவர் அதைப் பற்றி யோசிப்பார்.