சாட்சியாக இருப்பது

என் முதல் கவிதைத் தொகுப்பின் முன்னுரையில் ஓஷோவுக்கு ஒரு வரி நன்றி இருக்கிறது. இப்போது அந்தத் தொகுப்பு மறுபதிப்புக்குப் போகிறது. "அந்த வரியை எடுத்துவிடலாமா?" என்று பதிப்பாளத் தோழி கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். பின்னட்டையில் பெண்ணியக் கவிஞர் என்று போட்டுவிட்டு உள்ளே ஓஷோவுக்கு நன்றி சொன்னால் வாசகர்கள் கேட்கமாட்டார்களா என்பது அவர் கவலை. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த இயக்கம் தன் பிம்பத்துக்காகச் செய்த அழித்தெழுதும் வேலையை நான் என் பிம்பத்துக்காகச் செய்யப் போவதில்லை. வாசகர்கள் கேட்கட்டும். என் பதில் இந்தக் கட்டுரை.

1990களின் இறுதியில், கல்லூரி விடுதியில், ஓஷோவின் தமிழ் மொழிபெயர்ப்புகளை நாங்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். மாதவிலக்கு நாட்களில் தனித் தட்டு, தனிப் பாய் என்று கொல்லைப்புறத்தில் உட்காரவைக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் நான். உடலில் பாவம் எதுவும் இல்லை, திருமணம் புனிதமானதல்ல, குற்றவுணர்ச்சி என்பது மதங்கள் நம் தலையில் ஏற்றிய சுமை என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்கு மூச்சு விட முடிந்தது. பெரியாரும் இதில் பலவற்றைச் சொல்லியிருக்கிறார். ஆனால் பெரியாரைப் படித்தால் வீட்டில் சண்டை போட வேண்டியிருந்தது. ஓஷோவைப் படித்தால் கண்ணை மூடிக்கொண்டால் போதும். அந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவு ஆண்டுகள் ஆயின.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட முக்கியமான சொல் 'சாட்சி'. கோபம் வந்தால் அடக்காதே, கொட்டவும் செய்யாதே, விலகி நின்று பார். வலி வந்தால் பார். எண்ணம் வந்தால் பார். நீ பார்ப்பவள் மட்டுமே. இதைப் பல ஆண்டுகள் பழகினேன். என் கவிதைகளின் அமைதிக்கு அதுதான் காரணம் என்று மேடைகளிலும் பேசியிருக்கிறேன்.

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் முதுகலை மாணவி ஒருத்தி துறை அறைக்கு வந்தாள். மூத்த பேராசிரியர் ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைக்கிறார், ஆய்வைப் பற்றிப் பேசுவதுபோல ஆரம்பித்து வேறெங்கோ போகிறார் என்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அந்தப் பேராசிரியர் துறையில் செல்வாக்கானவர். ஆனால் அன்று இவற்றையெல்லாம் நினைத்துப் பயந்ததாக எனக்கு ஞாபகமில்லை. மிகுந்த கனிவோடு, "அவரை விடும்மா. உன் பயத்தைக் கொஞ்ச நேரம் சாட்சியாக இருந்து பார்" என்றேன். பையிலிருந்த ஓஷோ புத்தகத்தையும் கொடுத்தனுப்பினேன். அந்தப் பருவம் முடிந்ததும் அவள் படிப்பை நிறுத்திவிட்டாள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, தங்கையைச் சேர்ப்பதற்காகக் கல்லூரிக்கு வந்திருந்தாள். கோபமாகப் பேசவில்லை. "அன்னைக்கு நீங்க முதல்வர் ரூம் வரைக்கும் என்கூட வந்திருந்தா போதும்மா" என்றாள். அவ்வளவுதான். தங்கை விண்ணப்பத்தில் ஒட்டப் புகைப்படம் இல்லை என்று அதைத் தேடப் போய்விட்டாள்.

சாட்சி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலைகள். தியான அறையில் அது பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. நீதிமன்றத்தில் அது பார்த்ததை எழுந்து நின்று சொல்வது. நான் முதல் பொருளில் தேர்ச்சி பெற்று, இரண்டாம் பொருளில் தோற்றவள். இது என் தனிப்பட்ட கோழைத்தனம் மட்டும்தானா, அல்லது அந்த இயக்கமே இப்படித்தான் இயங்கியதா என்ற கேள்வியோடுதான் அதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ரஜனீஷ் 1974இல் பூனாவில் ஆசிரமம் அமைத்தார். 1981இல் அமெரிக்கா போனார். ஓரிகன் மாநிலத்தில் 64,000 ஏக்கர் பண்ணை நிலத்தில் ரஜனீஷ்புரம் என்ற நகரம் எழுந்தது. அங்கே உழைப்புக்கு 'வழிபாடு' என்று பெயர். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் சம்பளமில்லாமல் வழிபட்டார்கள். துறைகளை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். படித்த, நல்ல வேலையில் இருந்த பெண்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்பதைப் பற்றி மரியன் கோல்ட்மன் என்ற சமூகவியலாளர் 1999இல் 'பேஷனட் ஜர்னீஸ்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். பெண்கள் நடத்திய நகரம் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த நகரத்தில் 93 ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் இருந்தன. அவை எந்தப் பெண்ணுக்காகவும் வாங்கப்பட்டவை அல்ல.

பெண்களுக்கு அங்கே கிடைத்தது நிர்வாகம். அதிகாரத்தின் ஊற்று ஓர் ஆணின் நாற்காலியில் இருந்தது. நம் வீடுகளில் சாவிக்கொத்து மாமியார் இடுப்பில் இருக்கும், சொத்துப் பத்திரம் மாமனார் பெயரில் இருக்கும். அதே ஏற்பாடுதான்.

1984 இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊரான த டாலஸில் பத்து உணவகங்களின் சாலட் மேசைகளில் சால்மோனெல்லா கிருமி கலக்கப்பட்டது. 751 பேர் நோயுற்றார்கள். உள்ளூர்த் தேர்தலில் எதிர்வாக்குகளைக் குறைப்பதற்கான ஒத்திகை அது. 1985 செப்டம்பரில், ரஜனீஷின் செயலாளராக இருந்த மா ஆனந்த் ஷீலா ஐரோப்பாவுக்குப் போனார். அதன் பிறகு ரஜனீஷ் பத்திரிகையாளர்களை அழைத்து, எல்லாக் குற்றங்களையும் செய்தது ஷீலாவும் அவரைச் சேர்ந்தவர்களும்தான், தனக்கு எதுவும் தெரியாது என்றார். அந்த மாத இறுதியில் 'ரஜனீஷிசம்' என்ற நூலின் பிரதிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அந்த நெருப்பில் ஷீலாவின் அங்கிகளையும் போட்டார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கொடும்பாவி எரிப்பது நமக்குப் புதிதல்ல. பழியை ஒரு பெண்ணின் துணியில் சுற்றி எரித்துவிட்டு ஊர் சுத்தமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவதும் புதிதல்ல. ஷீலா நிரபராதி என்று நான் சொல்லவில்லை. விஷமிட்டது, ஒட்டுக்கேட்டது, ஒரு மருத்துவரைக் கொல்ல முயன்றது ஆகிய வழக்குகளில் அவருக்கு 20 ஆண்டுகள் தண்டனை விதிக்கப்பட்டது. 29 மாதங்கள் சிறையில் இருந்தார். என் கேள்வி வேறு. விழித்திருப்பதே வாழ்க்கை என்று உலகத்துக்குப் போதித்தவருக்கு, தினமும் தன் அறைக்கு வந்துபோன செயலாளர் என்ன செய்கிறார் என்று தெரியாமல் இருந்தது என்றால், அந்த விழிப்புக்கு என்ன பொருள்? தெரிந்திருந்தது என்றால் அந்த மறுப்புக்கு என்ன பொருள்? இரண்டில் எது உண்மையானாலும் என் 'சாட்சி' அங்கே அடிபட்டுப் போகிறது.

ரஜனீஷ் மீது விஷ வழக்கு வரவில்லை. குடிவரவுச் சட்ட மீறல் வழக்கில் உடன்படிக்கை செய்துகொண்டு, 4,00,000 டாலர் அபராதம் கட்டி நாட்டை விட்டு வெளியேறினார். வெளிநாட்டவரைத் தங்கவைக்கப் போலித் திருமணங்கள் நடத்தியது அந்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டு. திருமணத்தைக் கேலி செய்த இயக்கம் திருமணத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறது பாருங்கள். 1987இல் மறுபடி பூனா. 1989இல் பெயர் ஓஷோ என்றானது. 1990 ஜனவரியில் இறந்தார்.

பெயர் மாற்றம் என்பது சிறிய விஷயமல்ல. எங்கள் பெரியவர்களுக்கு அவர் ரஜனீஷ். பத்திரிகைகள் 'செக்ஸ் சாமியார்' என்று எழுதிய ஆள். எனக்கு அவர் ஓஷோ. வெள்ளைத் தாடி, அகன்ற கண்கள், அட்டையில் ஒரு பூ. இரண்டும் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஓரிகன் என்ற ஊரே என் வாசிப்பில் இல்லை. அந்தப் பழைய பெயரோடு அங்கே நடந்ததும் கழன்று விழுந்துவிட்டது. பிற்பாடு அந்தப் புதுப் பெயர் வணிகச் சின்னமா இல்லையா என்று அவர் அன்பர்களே ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டார்கள். ஆசிரமம் 'தியான விடுதி' ஆனது.

2018இல் நெட்ஃபிளிக்ஸில் 'வைல்டு வைல்டு கன்ட்ரி' வந்தது. ஆறு பகுதிகள். என் மாணவிகள் பார்த்துவிட்டு வந்து, "ஷீலா செம கெத்தும்மா" என்றார்கள். எரிக்கப்பட்டவள் இப்போது நாயகி. 2019இல் அவர் இந்தியா வந்தபோது மேடை போட்டுப் பேட்டி எடுத்தார்கள். 2021இல் அவரைப் பற்றி இன்னொரு படமும் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எல்லாக் குற்றமும் ஷீலாவுடையது. இப்போது எல்லாக் கவர்ச்சியும் ஷீலாவுடையது. பேயும் தேவதையும் என்று இரண்டே வேடங்கள். இந்த விவாதத்தில் நாற்காலியில் இருந்தவர் இரண்டு முறையும் தப்பித்துக்கொண்டார். அதைவிட மோசம், மற்ற பெண்கள் இரண்டு முறையும் காணாமல் போனார்கள்.

குழந்தை பெற வேண்டாம் என்ற அழுத்தம் பூனாவிலும் ஓரிகனிலும் இருந்ததாகவும், இருபதுகளில் இருந்த பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டதாகவும் முன்னாள் சந்நியாசினிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களும் செய்துகொண்டார்கள். ஆனால் பிற்காலத்தில் வெறும் மடியோடு உட்கார்ந்து அழுததைச் சொன்னவர்கள் பெண்கள். டிம் கெஸ்ட் 2004இல் 'மை லைஃப் இன் ஆரஞ்ச்' எழுதினார். அம்மா கூப்பிடு தூரத்தில் இருந்தும் அம்மா இல்லாமல் வளர்ந்த ஒரு பையனின் கதை அது. 2024இல் 'சில்ட்ரன் ஆஃப் த கல்ட்' என்ற ஆவணப்படத்தில், சிறுமிகளாக அங்கே வளர்ந்தவர்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றி வாய் திறந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து. அந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் இவர்களுக்கு இடமே இருக்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையில் கண்ணகி ஏழு புகார்ப் பெண்களைச் சொல்கிறாள். அவர்களில் ஒருத்தி, வன்னி மரத்தையும் மடைப்பள்ளியையும் சாட்சியாகக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியவள். திருவிளையாடற் புராணத்திலும் வன்னியும் கிணறும் லிங்கமும் சாட்சிக்கு வருகின்றன. கற்பின் பெருமை என்று வகுப்பில் நடத்துவோம். எனக்கு இப்போது அதில் வேறொன்றுதான் தெரிகிறது. ஒரு பெண் தன் வாயால் சொன்னால் போதாது. மரம் நடந்து வர வேண்டும். அடுப்படி எழுந்து வர வேண்டும். அந்தச் சிறுமிகளுக்கு நாற்பது ஆண்டுகள் எந்த மரமும் வரவில்லை. என் மாணவிக்கு நான்கூட வரவில்லை.

"ஆளை விடுங்கள், கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். நண்பர்கள், அதிலும் ஆண் கவிஞர்கள், இதை அடிக்கடி சொல்கிறார்கள். தியானத்தால் எனக்குப் பலன் கிடைத்தது, மறுக்கவில்லை. இன்றும் தூக்கம் வராத இரவில் மூச்சைக் கவனிக்கிறேன். அந்தப் பழக்கம் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அவருக்கு நான் கடன்படவில்லை. ஆனால் 'கருத்து' என்று நீங்கள் சொல்வது எது? அநீதி நடக்கும்போது அதை விட்டுவிட்டு உன் எதிர்வினையைப் பார் என்பதுதான் கருத்து என்றால், அந்தக் கருத்தே அந்த ஆட்களைக் காப்பாற்றியது. அங்கே கேள்வி கேட்டவர்களிடம், உன் மனம்தான் தடை, உன் அகந்தைதான் பேசுகிறது என்றுதான் சொல்லப்பட்டது. அதைத்தான் நானும் கொஞ்சம் கனிவாகச் சொன்னேன்.

"அமெரிக்க அரசும் கிறித்தவ வெறியும் செய்த சதி" என்றும் சொல்வார்கள். ஓரிகன்காரர்களிடம் வெறுப்பு இருந்தது உண்மை. அரசு அவர்களை வெளியேற்ற விரும்பியதும் உண்மை. அந்த உண்மை எந்தச் சிறுமிக்கும் பதிலாகாது. வெளியே எதிரி இருக்கிறான் என்று காட்டி உள்ளே இருக்கும் பெண்ணின் வாயை மூடும் வித்தையைக் குடும்பத்திலும் சாதியிலும் கட்சியிலும் பார்த்துச் சலித்தவர்கள் நாம்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகள் ஓஷோவைப் படித்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் உங்கள் கல்லூரிக்கும் மன அழுத்த நிவாரணப் பயிற்சி என்று யாராவது வருவார்கள். வெள்ளை உடை, மென்மையான குரல். போங்கள், மூச்சு விடக் கற்றுக்கொள்ளுங்கள், தவறில்லை. உங்கள் அழுத்தத்துக்குக் காரணமான ஆளுக்கு என்ன பயிற்சி என்று மட்டும் கேளுங்கள். உங்கள் கோபத்தைக் கவனிக்கச் சொல்பவர், அந்தக் கோபத்துக்குக் காரணமானதையும் கவனிக்கத் தயாரா என்று பாருங்கள்.

2013 சட்டத்துக்குப் பிறகு அமைந்த உள்ளகப் புகார்க் குழுவில் இப்போது நானும் ஓர் உறுப்பினர். ஒரு பெண் கை நடுங்க உள்ளே வந்தால் தண்ணீர் கொடுக்கிறேன். பிறகு தாளும் பேனாவும். தேதி, நேரம், யார், என்ன சொன்னார், கைபேசியில் என்ன இருக்கிறது. எழுதி முடித்ததும் கூடவே நடந்து போகிறேன்.

முன்னுரையில் அந்த நன்றி அப்படியே இருக்கும். அதன் கீழே, நான் கைவிட்ட மாணவிக்கு, பெயர் குறிப்பிடாமல், ஒரு வரி மன்னிப்பு சேர்த்திருக்கிறேன்.