கிராம் கணக்கு செல்லாது

"கைப்பட்டையும் தோலில் ஒட்டும் சென்சாரும் சில கிராம்தான், முதலில் பழைய ஃபிரிட்ஜையும் டிவியையும் கவனியுங்கள்" என்கிறார்கள். எடையை மட்டும் பார்த்தால் சரிதான். மின்னணுக் கழிவின் சிக்கல் தராசிலா இருக்கிறது?

ஃபிரிட்ஜைக் கழற்றிப் பிரித்தால் இரும்பும் செம்பும் தனித்தனியே விலை போகும். ஃபிட்னஸ் பட்டையைப் பிரித்துப் பாருங்கள்: ரப்பர் உறை, பசை, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் படிந்த செம்புக் கோடுகள், நடுவே லித்தியம் பேட்டரி. கத்தி தவறினால் தீப்பிடிக்கலாம். கிடைக்கும் உலோகமோ கூலிக்குக் கட்டாது. சிறியது என்பதாலேயே அது வீட்டுக் குப்பையோடு போய்விடுகிறது. 2022-இல் உலகில் உருவான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதமே.

"உடலில் அணியும் வளையும் கருவி என்றால் இப்படிப் பிரிக்க முடியாமல்தான் இருக்கும்" என்பது அடுத்த வாதம். அதுவும் தவறு. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இலேயே பாலிஇமைன் என்ற பாலிமரும் வெள்ளி நானோத் துகள்களும் கொண்டு, தோல்போல் வளையும் சென்சாரான மின்னணுத் தோல் செய்து காட்டினார்கள். கரைசலில் ஊறவைத்தால் பாலிமர் சிறு மூலக்கூறுகளாகக் கரைகிறது. வெள்ளி அடியில் தங்குகிறது. இரண்டையும் கொண்டு புதிய தோல் செய்யலாம்.

ஆய்வகத்தில் முடிந்தது ஆலைக்கு வர நாளாகும், ஒப்புக்கொள்வோம். ஆனால் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டாமலிருக்க எந்த ஆய்வும் வேண்டாம், சட்டம் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகளோடு, பயனரே கழற்றக்கூடிய பேட்டரியைக் கட்டாயமாக்குகிறது. நிறுவனங்கள் விலக்குப் பட்டியலில் இடம் தேடுவதை விட்டுவிட்டு, வடிவமைப்பைத் திருத்தட்டும்.