பழம்பொருளும் தர்மமும்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் நடுவே, அந்நிய ஆக்கிரமிப்பில் பசியால் மடிந்துகொண்டிருந்த கிரேக்க தேசத்து மக்களுக்கு உணவு சேரவேண்டுமென்று 1942இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் கூடிய சிறு குழுவே, பின்னர் அந்நகரின் பிராட் வீதியில் கடை திறந்து, ஆக்ஸ்ஃபாம் என்னும் பெயர் பூண்டு, பிறர் மனமுவந்து அளித்த பழம்பொருள்களை விற்று ஏழைகளின் துயர் துடைக்கும் முறையை உலகறியச் செய்தது. அமெரிக்கக் குடும்பங்கள் பல, ஒரு சனிக்கிழமைக் காலையில், தம் வீட்டுக் கார் கொட்டகையிலேயே இதைச் செய்துவிடுகின்றன. கிழிசலையும் உடைசலையும் முன்கூட்டியே கழித்து, சட்டைகளைத் துவைத்து மடித்து, மின்விசிறியை வாங்குபவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டி, ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்டி, சில்லறையும் போதிய அளவு சேர்த்து வைத்திருக்கும் சிரத்தையைப் பொறுத்ததே இத்தகைய விற்பனையின் வெற்றி. கந்தலைத் தானமென்று தள்ளிவிடுவது, என் அபிப்பிராயத்தில், தர்மமே ஆகாது. இன்ன காரியத்துக்கு இந்தப் பணம் என்பதைப் பெரிய எழுத்தில் வாசலிலேயே எழுதி வைத்துவிட்டால், பேரம் பேச வந்தவர்களிலும் பலர் மீதிச் சில்லறையை உண்டியலில் போடத் தயங்கமாட்டார்கள். அன்று மாலையே வசூல் கணக்கை, ஒரு காசும் விடாமல், அனைவரும் காண ஒட்டிவிடுங்கள். பொருள் கொடுத்தவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.