பயிற்சிக்குப் போறன், அம்மா

"சனிக்கிழமை பயிற்சிக்குப் போறன்" எண்டு சொன்னதும் அம்மாவின்ர முகம் மாறிப்போச்சு. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பயிற்சி?" என்று கேட்டார். முதலுதவி, ஆபத்தில் மாட்டினவரை எப்படி மீட்பது, எப்படித் தூக்குவது என்று விளக்கிய பிறகும் அவருக்கு நிம்மதி வரவில்லை. பயிற்சி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறொரு பொருள் இருந்த காலம் உண்டு. யுத்தம் முடியும்போது ஆண்டு ஒன்றில் இருந்த எனக்கு அது கேள்விப்பட்ட கதை. அம்மாவுக்கு அது இன்னும் போகாத பயம்.

நான் ஏன் போனேன் என்பதற்குக் காரணம் மலையகத்தில் இருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு குடும்பம் குடும்பமாக மூடியது. என்னோடு படிக்கிற ஒருத்தி பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். அந்தக் கிழமை வீட்டுக்குப் போயிருந்தாள். இஞ்சையும் வெள்ளம்தான், என்றாலும் நாங்கள் அரிசி, பருப்பு, பால்மா சேர்த்து லொறியில் அனுப்பினோம். படமும் போட்டோம்.

திரும்பி வந்தபோது அவள் நன்றி சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சாமான் எல்லாம் வந்துச்சு. ரோட்டு தொறந்த பிறகுதான். மொத நாளு நாங்க மட்டும்தான் இருந்தோம். பக்கத்து லயத்து அண்ணன் ஒருத்தர மண்ணுக்குள்ளருந்து எடுத்தோம். முதுகுல அடி. தூக்கலாமா, கூடாதான்னு யாருக்கும் தெரியல."

அந்தக் கடைசி வசனம்தான் என்னை விடவில்லை.

முதல் நாள் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரருடையது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது, இராணுவமும் இயந்திரங்களும் வரும்வரை அங்கே நின்றது தோட்டத்து மக்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்தபோதும் முதலில் மேலே ஓடியது அந்த ஊர்ச் சனம்தான். 2004 சுனாமியில் எங்கள் வடமராட்சி கிழக்கிலும் அப்படித்தான். பக்கத்து ஆள் வருவார் என்பதில் சந்தேகமே இல்லை. வருகிற ஆளுக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

பிரித்தானியாவில் மலையில் ஒருவர் காலை முறித்துக்கொண்டால், பொலிஸ் அந்தப் பகுதியின் மலை மீட்பு அணியைக் கூப்பிடும். வருகிறவர்கள் ஆசிரியர், தச்சர், தாதி, கடைக்காரர். சம்பளம் கிடையாது, மீட்கப்பட்டவரிடம் காசும் கேட்பதில்லை. புதிதாகச் சேர்கிறவர் உடனே நாயகனாக மாட்டார். மழையிலும் இரவிலும் வரைபடமும் திசைகாட்டியுமாக மாதக்கணக்கில் பழக வேண்டும். ஒரே ஒரு ஆளைக் கீழே இறக்க ஆறு, எட்டுப் பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடிக்க வேண்டும். கை மாற்ற இன்னும் அவ்வளவு பேர் வேண்டும். அங்கே தேவைப்படுவது வீரம் இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன பக்கத்தைப் பிடிக்கிற ஆள்.

யாழ்ப்பாணத்தில் மலை எங்கே எண்டு கேப்பியள். கீரிமலையில்கூடப் பேரில்தான் மலை. ஆனால் எங்களிடம் கிணறு இருக்கு, கேணி இருக்கு, கடல் இருக்கு. மலை மீட்பின் முதல் விதி இங்கேயும் அதேதான்: காப்பாற்றப் போன நீ இரண்டாவது ஆளாக விழாதே. நீந்தத் தெரியாமல் தவிக்கிறவரைக் கண்டதும் குதிக்கிறோம். முதலில் தடியை நீட்ட வேண்டும், கயிற்றையோ வெறும் பிளாஸ்ரிக் கானையோ எறிய வேண்டும். குதிப்பது கடைசி வழி. கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்ட வோட்டர் பம்மின் புகையில் ஒருவர் மயங்கினால், தூக்க இறங்குகிறவரும் அதே இடத்தில் விழுவார். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இது தெரியாமல் போன பாசம் இரண்டாவது சாவு வீடாக முடியும்.

என் முதல் சனிக்கிழமை கேவலமாகப் போனது. மூச்சு நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. முழங்கையை மடக்கி அழுத்தினேன். இரண்டு நிமிடத்துக்குள் கை சோர்ந்தது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கா ஆள் மாற வேண்டும் என்றார்கள். பிறகு என்னைக் காயக்காரியாகப் படுக்கவைத்துப் பலகையில் கட்டினார்கள். திடீரெனத் தூக்கியபோது உண்மையாகவே பயந்துபோனேன். "இப்ப தூக்கப்போறம்" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லும் மீட்பில் அடக்கம் என்று படுத்திருந்தபோதுதான் விளங்கியது.

முதல் நாள் நாங்கள் 32 பேர். நாலாம் கிழமை 11 பேர். ஒரே முடிச்சைப் பத்துத் தடவை போடுவதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை.

"இதெல்லாம் அரசாங்கத்தின்ர வேலை" என்று ஒரு நண்பன் சண்டை பிடித்தான். அவன் சொல்வது சரி. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 117 இலக்கம் இருக்கு. 1990 அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்தது. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று நிபுணர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்தச் சனத்துக்குப் பாதுகாப்பான காணி கொடுக்காததை எந்த ஸ்ட்ரெச்சரும் ஈடுசெய்யாது. தொண்டர்கள் இருக்கிறார்கள் என்பது அரசுக்குச் சாட்டாகக் கூடாது. ஆனால் அந்தச் சண்டையைப் பிடிக்கிற நாங்களே முதல் மணித்தியாலத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவும் கூடாது.

நல்லூர்த் திருவிழாவில் சென் ஜோன்ஸ், செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்களைத் தாண்டித்தான் நாங்கள் ஐஸ்கிறீம் குடிக்கப் போகிறோம். பழக்கித் தர ஆட்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பீடத்திலும் பத்துப் பேர், மாதம் ஒரு சனிக்கிழமை காலை. அவ்வளவுதான் கேட்கிறேன். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாயத் தொடங்கும் மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று: மண் சரியப்போவதன் அறிகுறிகளை மலையகத்துப் பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லித் தரட்டும். தண்ணியைப் பற்றி நாங்கள் அவர்களுக்குச் சொல்லுவோம். பொதி அனுப்புகிற உறவைவிட இது கொஞ்சம் நெருக்கமானது.

போன கிழமை அம்மா தானாகவே கேட்டார்: "ஆரும் மயங்கி விழுந்தா முதல்ல என்ன செய்யோணும்?" தலையணையைப் பாயில் போட்டு, முழங்காலில் இருக்கச் சொன்னேன். "முழங்கையை மடக்காதேங்கோ அம்மா." இருபது வரை எண்ணிவிட்டு மூச்சு வாங்கினார்.

"இன்னும் எத்தினை சனிக்கிழமையடி இருக்கு?"

"இது முடியிறேல்ல அம்மா."

இந்த முறை அவர் முகம் மாறவில்லை. "வரேக்க மரக்கறி வாங்கிக்கொண்டு வா" என்றார்.